எல்ஜி ஜிபி65என்பி60 யூஎஸ்பி டிவிடி ரைட்டர்: சீடி பாடாவிட்டால் குற்றம் யாருடையது?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இன்று புது லப்டொப் வாங்கினால் பெரும்பாலும் அதில் சீடி போடும் இடம் இருக்காது. இறுவட்டுகள் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில் வாங்கிய அம்மன் பாட்டுகள், கலியாண வீட்டு டிவிடி, கனடாவில் இருந்து வந்த பாட்டுச் சீடி, ரியூசனில் கொடுத்த ஆங்கிலக் கேட்டல் பயிற்சி, இடப்பெயர்வுகளில் உடுப்புப் பையோடு சேர்ந்து வந்து தப்பிய தட்டுகள் என்று அலுமாரிக்குள் ஒரு கட்டு கிடக்கும். அவற்றைக் கேட்க யூஎஸ்பியில் கொளுவும் வெளி டிரைவ்தான் இன்றைய சுலபமான வழி. இந்த வகையில் பெயர் சொல்லி வாங்கக்கூடிய ஒன்று எல்ஜி ஜிபி65என்பி60. அதைப் பற்றியும், கடையின் அதே கண்ணாடி அலுமாரியில் குறைந்த விலைக்கு அடுக்கியிருக்கும் பெயரில்லாத டிரைவ்களைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம். பாட்டு வராதபோது எங்கே தேடுவது என்பதையும் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘டிரைவ் பழுது’ என்று கடைக்குத் திரும்பி வருவதில் கணிசமானவை பழுதே இல்லாதவை.

முதலில் சாமான். எல்ஜி பெயரில் வந்தாலும் இது ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து தொடங்கிய டேட்டா ஸ்டோரேஜ் நிறுவனத்தின் தயாரிப்பு. 14 மில்லிமீற்றர் தடிப்பு, கிட்டத்தட்ட 200 கிராம் பாரம். சீடியை 24 மடங்கு, டிவிடியை 8 மடங்கு வேகம் வரை கையாளும், ப்ளூ-ரே படிக்காது. தனியான பவர் அடப்டர் இல்லை. யூஎஸ்பி வயர் வழியே வரும் 5 வோல்ற்றில்தான் மோட்டரும் லேசரும் ஓடுகின்றன. வின்டோஸில் டிரைவர் மென்பொருள் எதுவும் போடத் தேவையில்லை, செருகினால் சில விநாடிகளில் ‘திஸ் பிசி’யில் தனக்கென்று ஓர் எழுத்தோடு வந்து நிற்கும். பொத்தானை அமத்தினால் சீடி வைக்கும் டிரே ஒரு விரற்கிடைதான் வெளியே வரும், மிச்சத்தைக் கையால் இழுக்க வேண்டும். டெஸ்க்டொப் டிரைவைப் போலத் தானாக வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு.

பெயரில்லாத டிரைவ்கள் பார்வைக்கு இதைவிட எடுப்பாக இருக்கும். நீல நாக்குள்ள செருகி, பெட்டியில் பெரிய எழுத்தில் ‘யூஎஸ்பி 3.0’. அந்த 3.0 பாட்டுக்கு ஒன்றும் கூட்டித் தராது. ஒரு பாட்டுச் சீடி சாதாரண வேகத்தில் விநாடிக்கு 176 கிலோபைட் கொடுக்கும். 24 மடங்கில் ஓடினாலும் 4.2 மெகாபைட்தான். டிவிடியின் 8 மடங்கு வேகம் 11 மெகாபைட். பழைய யூஎஸ்பி 2.0 நடைமுறையில் விநாடிக்கு 30 மெகாபைட்டுக்கு மேல் கொண்டுபோகும். ஆகவே எல்ஜி இன்னும் 2.0 இலேயே நிற்பதைக் குறையாக எண்ண வேண்டாம். பெயரில்லாத பெட்டிக்குள் இருப்பது அநேகமாக லப்டொப்புக்குரிய மெல்லிய சாட்டா (கணினிக்குள் டிரைவைக் கொளுவும் இணைப்பு முறை) டிரைவும், அதை யூஎஸ்பியாக மாற்றும் சிறு பலகையும்தான். சிலவற்றில் அந்த டிரைவே பழைய லப்டொப்பில் இருந்து கழற்றியது. அதனால் ஒரே பெட்டி, ஒரே நிறம் என்று இரண்டு வாங்கினால் இரண்டும் இரண்டு குணமாக இருக்கும். வயரும் உடலோடு பொருத்தியே வரும். அடியில் சுற்றி வைக்க வசதிதான், ஆனால் மடியும் இடத்தில் உள்ளே அறுந்தால் டிரைவே போனதுக்குச் சமம். எல்ஜியில் வயரைக் கழற்றலாம், மாற்றலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அதற்குக் கூட விலை கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் திருத்துவது எளிது. இந்த டிரைவ்கள் பாடுவதில்லை. ஹெட்போன் துளை இல்லை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இல்லை. பிலிப்ஸும் சோனியும் 1980 இல் வகுத்த முறைப்படி சீடியில் இருப்பது எண்கள்: விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் இரண்டு தடம். டிரைவ் அந்த எண்களை வாசித்துக் கணினியிடம் கொடுக்கும், சத்தமாக்குவது கணினியின் வேலை. ஆகவே எந்தத் தட்டைப் போட்டாலும் சத்தமே இல்லை என்றால் கணினியைப் பாருங்கள். சத்தம் வருகிறது, ஆனால் விக்குகிறது, டிக் டிக் என்று வெட்டுகிறது, நடுவில் நிற்கிறது என்றால் மின்சாரம், டிரைவ், தட்டு இந்த மூன்றையும் பாருங்கள். இந்தப் பிரிவைச் செய்யாமல் லென்ஸ் துடைக்கத் தொடங்கினால் நல்ல டிரைவும் கெட்டுப்போகும்.

சத்தமே இல்லை

கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு எம்பி3 பாட்டைப் போடுங்கள், அல்லது யூடியூபில் ஏதாவது ஒன்று. அதுவும் கேட்கவில்லை என்றால் சீடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எந்த வழியால் போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரால் திரையோ ரிவியோ கொளுவியிருந்தால் வின்டோஸ் சத்தத்தை அங்கே அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும், அந்தத் திரையில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும். புளூடூத் ஸ்பீக்கரை முன்பு இணைத்திருந்தாலும் இதே கதை. அடுத்து வொலியூம் மிக்சரைத் திறந்தால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிச் சத்த அளவு இருக்கும். பிரவுசர் பாடும்போது மீடியா பிளேயர் மட்டும் ஊமையாக இருந்தால் காரணம் அநேகமாக அங்கேதான். இரண்டும் சரி என்றால் ‘சேர்விசஸ்’ பட்டியலில் ‘வின்டோஸ் ஓடியோ’, ‘வின்டோஸ் ஓடியோ எண்ட்பொயின்ட் பில்டர்’ என்ற இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்த்து, ஓடாவிட்டால் தொடக்கிவிட வேண்டும்.

எம்பி3 பாடுகிறது, சீடி மட்டும் பாடவில்லை என்றால் டிரைவின் எழுத்தைத் திறந்து உள்ளே என்ன தெரிகிறது என்று பாருங்கள். ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று சிடிஏ கோப்புகள் வரிசையாகத் தெரிந்தால் டிரைவ் தட்டின் உள்ளடக்கப் பட்டியலை வாசித்துவிட்டது. லேசரும் மோட்டரும் அடிப்படையில் நலம். அப்படியிருந்தும் பாடாவிட்டால் பிளேயரை மாற்றுங்கள். வின்டோஸ் 10 உடன் வந்த குரூவ் மியூசிக் பாட்டுச் சீடியைப் பாடாது. அதிலேயே திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே கணினியில் பழைய வின்டோஸ் மீடியா பிளேயரைத் தேடித் திறக்கலாம். வின்டோஸ் 11 இன் புதிய மீடியா பிளேயர் சீடியைப் பாடும். எதிலும் சரிவராவிட்டால் விஎல்சியைப் போட்டு, மீடியா என்ற பட்டியலில் ‘ஓப்பன் டிஸ்க்’, அதில் ‘ஓடியோ சீடி’, டிரைவின் எழுத்து, பிறகு ‘பிளே’. கலியாண டிவிடியில் படம் ஓடிச் சத்தம் வராதபோதும் விஎல்சிதான் மருந்து. டிவிடியில் சத்தம் பெரும்பாலும் டொல்பி ஏசி-3 முறையில் இருக்கும், அதை அவிழ்க்கும் மென்பொருள் இல்லாத பிளேயரில் படம் மட்டும் ஊமையாக ஓடும்.

சிடிஏ கோப்புகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு, ஏனென்றால் இது அடிக்கடி நடக்கிறது. அவற்றை அப்படியே பென்டிரைவுக்குக் கொப்பி பண்ணி, வாகனத்தில் போட்டுப் பார்த்துப் பாடவில்லை என்று கோபப்படுவார்கள். ஒரு சிடிஏ கோப்பு வெறும் 44 பைட். அதில் பாட்டு இல்லை; தட்டில் அந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் என்ற தகவல்தான் இருக்கிறது. பத்துப் பாட்டும் கண்மூடித் திறப்பதற்குள் கொப்பி ஆகிவிட்டால் எதுவும் கொப்பி ஆகவில்லை என்றுதான் பொருள். பாட்டை எடுக்க ‘ரிப்’ செய்ய வேண்டும், அதாவது தட்டில் உள்ள பாட்டைக் கணினிக் கோப்பாக மாற்ற வேண்டும், அதைக் கீழே சொல்கிறோம்.

சிடிஏ கோப்புகளும் இல்லை, டிரைவே பட்டியலில் இல்லை, ஆனால் செருகினால் விளக்கு எரிகிறது என்றால் டிவைஸ் மனேஜரைத் திறந்து ‘டிவிடி/சீடி-ரொம் டிரைவ்ஸ்’ கீழே மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். 19, 31, 39, 41 போன்ற பிழை எண் இருந்தால், முன்பு போட்டுக் கழற்றிய சீடி எழுதும் மென்பொருள் ஏதோ தன் எச்சத்தை விட்டுப் போயிருக்கிறது. வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், சீடி டிரைவ் வகைக்குரிய கீயில் (4டி36இ965 என்று தொடங்குவது) ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோவர்ஃபில்டர்ஸ்’ என்ற இரண்டு மதிப்புகளை அழித்துக் கணினியை மறுதொடக்கம் செய்தால் டிரைவ் திரும்பி வரும். அழிக்க முன் அந்தக் கீயை ‘எக்ஸ்போர்ட்’ செய்து சேமித்து வைக்க வேண்டும். அதே பெயரில் வேறு கீகளிலும் மதிப்புகள் இருக்கும், அவற்றில் கை வைத்தால் விசைப்பலகையோ மவுஸோ வேலை செய்யாமல் போகலாம். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் இதைக் கடையில் கொடுத்துச் செய்விப்பது நல்லது.

பழைய டெஸ்க்டொப்புகளுக்கு ஒரு வார்த்தை. வின்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பெட்டிகளில் சிலவற்றில் டிரைவின் முன் துளையில் ஹெட்போன் போட்டால் பாட்டுக் கேட்கும், ஆனால் ஸ்பீக்கரில் வராது. அந்தக் காலத்து ஐடிஈ (சாட்டாவுக்கு முந்திய இணைப்பு முறை) டிரைவ் தானே சத்தத்தை உருவாக்கி, பின்பக்கம் நான்கு முனையுள்ள ஒரு மெல்லிய வயரால் சவுண்ட் கார்ட்டுக்கு அனுப்பும். தூசு தட்டக் கழற்றியவர் அந்த வயரைத் திருப்பிக் கொளுவியிருக்க மாட்டார். வயர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. டிவைஸ் மனேஜரில் டிரைவின் மீது வலது அழுத்தம், ‘ப்ரொப்பர்ட்டீஸ்’, அதில் ‘எனேபிள் டிஜிற்றல் சீடி ஓடியோ’ என்ற பெட்டியில் சரி போட்டால் எண்களாகவே சத்தம் வரும். சாட்டா டிரைவிலும் யூஎஸ்பி டிரைவிலும் அந்த நான்கு முனை வழியே கிடையாது. எக்ஸ்பியில் பாட்டு இழுபட்டு இழுபட்டு வந்தால் ஐடிஈ சனல் ‘பிஐஓ’ என்ற மெதுவான நிலைக்கு விழுந்திருக்கும். வாசிப்புப் பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால் எக்ஸ்பி தானாகவே வேகத்தை இப்படிக் குறைத்துவிடும். டிவைஸ் மனேஜரில் ‘செகண்டரி ஐடிஈ சனல்’ ஐ அன்இன்ஸ்டோல் செய்து மறுதொடக்கம் செய்தால் ‘டிஎம்ஏ’ என்ற வேகமான நிலை திரும்பும்.

விக்குகிறது, நிற்கிறது

எல்ஜியும் சரி மற்றவையும் சரி, வெளி டிரைவின் பலவீனம் மின்சாரம்தான். யூஎஸ்பி 2.0 போர்ட் முறைப்படி தருவது 500 மில்லியம்பியர், நீல நாக்குள்ள 3.0 போர்ட் தருவது 900. மெல்லிய டிரைவ் ஒரு தட்டை நிறுத்திய நிலையில் இருந்து சுழற்றத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் இதைவிடக் கூட இழுக்கும். அடிப்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தால் பலவற்றில் 1 அம்பியருக்கு மேல் எழுதியிருக்கும். நல்ல போர்ட்கள் இதைச் சமாளிக்கும். தேய்ந்த போர்ட், நீண்ட எக்ஸ்டென்சன் வயர், நான்கு தலை ஹப் இருந்தால் வோல்ற்றளவு விழும்.

அறிகுறிகள் தெளிவானவை. தட்டு சுழல முயன்று, டிக், டிக் என்று இரண்டு மூன்று தடவை அடித்து நிற்கும். வின்டோஸ் சாதனம் கழன்று மீண்டும் செருகப்பட்ட சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பும். அல்லது முதல் பாட்டு ஓடும், மூன்றாவது பாட்டுக்குத் தாவச் சொன்னதும் டிரைவ் காணாமல் போகும். இவற்றில் எது நடந்தாலும் ஹப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேரே கணினியில் செருகுங்கள். டெஸ்க்டொப் என்றால் முன்பக்கத் துளை வேண்டாம், பின்பக்கம் மதர்போர்ட்டிலேயே இருக்கும் துளையில் செருகுங்கள். முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு மெல்லிய வயர் ஓடுகிறது, அதன் முனையில் தூசும் எறும்பும் சேராத பெட்டி வன்னியில் குறைவு. மவுஸ், வெளி ஹார்ட் டிஸ்க், போன் சார்ஜ் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். வயரை மாற்றிப் பாருங்கள். போன் சார்ஜருடன் வரும் சில மலிவு வயர்களில் மின்கம்பி மட்டும் இருக்கும், தகவல் கம்பி இருக்காது. அதில் விளக்கு எரியும், டிரைவ் தெரியாது. சில டிரைவ்களுக்கு இரட்டைத் தலை வயர் கிடைக்கும், ஒரு தலை தகவலுக்கும் மின்சாரத்துக்கும், மற்றத் தலை மின்சாரத்துக்கு மட்டும். இரண்டையும் கணினியிலேயே செருகலாம். ஹப் இல்லாமல் முடியாது என்றால் தனி அடப்டரில் ஓடும் ஹப்தான் வாங்க வேண்டும்.

லப்டொப் பற்றரியில் ஓடும்போது மட்டும் நிற்கிறதா? ‘பவர் ஒப்சன்ஸ்’ மேம்பட்ட அமைப்பில், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை உறங்கவைக்கும் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ ஐ நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மின்சாரம் சரி என்றால் அடுத்தது தட்டை வைத்த விதம். மெல்லிய டிரைவில் தட்டு வெறுமனே கிடக்கக் கூடாது. நடுவில் சிறு குண்டுகள் உள்ள குமிழ் இருக்கிறது. ஒரு கையால் டிரைவின் டிரேயை அடியில் தாங்கிக்கொண்டு, மற்றக் கையின் இரண்டு விரலால் சீடியின் நடு வளையத்தைச் சுற்றி அமத்தினால் ‘டக்’ என்று பூட்டும். அந்தச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினால் தட்டு சரிந்து சுழலும், உறுமும், ஓரத்தில் இருக்கும் கடைசிப் பாட்டுகள் விக்கும். சீடி உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுவதால் முதல் பாட்டுகள் நடுவுக்கு அருகில், கடைசிப் பாட்டுகள் விளிம்பில். கடையில் ஒட்டிய காகித லேபிள் கோணலாக இருந்தாலும் இதே விளைவுதான். 24 மடங்கில் தட்டு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4,800 சுற்றுச் சுற்றும். டெஸ்க்டொப்பின் 52 மடங்கில் அது 10,000 ஐத் தாண்டும். நடு வளையத்தில் வெடிப்பு உள்ள தட்டை எந்த டிரைவிலும் போடாதீர்கள், உள்ளே சிதறினால் டிரைவும் சேர்ந்து போகும்.

லென்ஸ் துடைப்பது மூன்றாவதாக வர வேண்டும், முதலாவதாக அல்ல. டிரேயை இழுத்தால் லென்ஸ் கண்ணுக்குத் தெரிவது இந்த வகை டிரைவின் நல்ல குணம். செம்மண் தூசும் பெரும்போக அறுவடை நேரத்து உமித் தூசும் அதில் படியும். காற்று ஊதும் ரப்பர் குமிழால் முதலில் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில்தான் படும். பிறகு பஞ்சுக் குச்சியில் 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்ககோலை ஈரமாகும் அளவுக்குத் தொட்டு, லென்ஸில் பாரம் கொடுக்காமல் ஒரு சுற்று. போன் திருத்தும் கடைகளில் பலகை கழுவ இதை வைத்திருப்பார்கள், கொஞ்சம் கேட்டால் கிடைக்கும். சென்ட், ஓடிகொலோன், எண்ணெய்ச் சேர்ப்புள்ள ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், படலம் விட்டுப் போகும். லென்ஸ் தலைமயிர் போன்ற நுண்ணிய கம்பிகளில் தொங்குகிறது; அழுத்தினால் வளைந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. காய்ந்த பிறகே தட்டைப் போடுங்கள்.

இவ்வளவும் செய்து டிவிடி நன்றாக ஓடுகிறது, சீடி மட்டும் எதுவும் ஓடவில்லை என்றால் லேசரே களைத்துவிட்டது. சீடியை வாசிப்பது 780 நானோமீற்றர் லேசர், டிவிடியை வாசிப்பது 650 நானோமீற்றர் லேசர். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தாலும் தனித்தனியாகச் சாகும். திருத்தக் கொடுப்பது வீண் செலவு.

தட்டின் குற்றம்

ஒரு சீடியில் உள்ள ஆவணங்கள் நன்றாகக் கொப்பி ஆகின்றன, அதே அளவு கீறல் உள்ள பாட்டுச் சீடி மட்டும் டிக் டிக் என்கிறது என்று குழம்புவார்கள். தகவல் சீடி ஒவ்வொரு 2352 பைட்டிலும் 2048 ஐ மட்டும் கோப்புக்குக் கொடுத்து, மிச்சத்தின் பெரும்பகுதியைப் பிழை திருத்தலுக்கு வைத்திருக்கிறது. பாட்டுச் சீடி 2352 ஐயும் பாட்டுக்கே கொடுத்துவிடும். அதில் இருக்கும் அடிப்படைத் திருத்தல் தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீற்றர் நீளம் வரையான கீறலை முழுமையாக ஈடுகட்டும். அதைவிடக் கூடினால் பக்கத்து மாதிரிகளைப் பார்த்து ஊகிக்கும், ஊகிக்கவும் முடியாவிட்டால் வெட்டும். தட்டை வட்டமாகத் துடைக்காதே, நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடை என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. நேர்க் கீறல் ஒவ்வொரு தடத்தையும் குறுக்காகக் கடந்துவிடும். வட்டக் கீறல் ஒரே தடத்தின் மீது நீளமாகப் படுத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த தட்டை மென்மையான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கலாம். தின்னர், பெற்றோல் பட்டால் பிளாஸ்ரிக் வெளுத்துவிடும். அடிப்பக்கத்துச் சிறு கீறலுக்குப் பித்தளை மினுக்கும் பிராசோ போட்டு மெதுவாகத் தேய்ப்பது சில வேளை பலிக்கும். படம் அச்சிட்ட மேற்பக்கம்தான் உண்மையில் ஆபத்தான பக்கம்: சீடியில் பளபளக்கும் உலோகப் படலம் 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக்கின் உச்சியில், லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. தட்டை ரியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைபோல ஒளி வந்தால் அந்த இடத்துப் பாட்டு போய்விட்டது. டிவிடியில் அந்தப் படலம் இரண்டு 0.6 மில்லிமீற்றர் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் மேற்கீறலைத் தாங்கும்.

கடையில் எழுதிக் கொடுத்த சீடி வேறு சாதி. அச்சடித்த சீடி பள்ளங்களால் ஆனது, எழுதியது சாயத்தால் ஆனது. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னலோரம், வாகனத்தின் டாஷ்போர்டில் கிடந்தால் சாயம் மங்கும். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொரு டிரைவ் வாசிப்பது இந்தத் தட்டுகளில்தான் அதிகம். எல்ஜி மறுத்தால் பழைய டெஸ்க்டொப் டிரைவில் போட்டுப் பார்க்காமல் எறிய வேண்டாம். திரும்ப எழுதக்கூடிய சீடி-ஆர்டபிள்யூ ஒளியை 15 முதல் 25 வீதம்தான் திருப்பி அனுப்பும், பழைய செட்கள் அதைத் தட்டாகவே மதிக்காது.

எல்ஜியில் நீங்களே எழுதுவதானால் ‘ஓடியோ சீடி’ என்று தெரிவு செய்யுங்கள். ‘டேட்டா சீடி’ என்று எழுதினால் 700 மெகாபைட்டுக்குள் எம்பி3 பாட்டுகள் நூற்றுக்கு மேல் அடங்கும், ஆனால் எம்பி3 தெரியாத பழைய செட்டில் ஒன்றும் பாடாது. ஓடியோ சீடியில் 80 நிமிடம்தான், அதற்குச் சீடி-ஆர் வேண்டும், டிவிடி வெற்றுத்தட்டு ஆகாது. வேகத்தை நடுத்தரத்தில் வையுங்கள், கடைசியில் ‘ஃபைனலைஸ்’ (தட்டை மூடுதல்) ஆக விடுங்கள். மூடப்படாத தட்டு சாதாரண சீடி செட்களில் பெரும்பாலும் ஓடாது.

கீறல் தட்டு ஒருமுறை ஒழுங்காக வாசித்தால் அப்போதே ரிப் செய்து வைப்பதுதான் புத்தி. வின்டோஸ் மீடியா பிளேயரில் ஒப்சன்ஸ், டிவைசஸ், டிரைவ், ப்ரொப்பர்ட்டீஸ் வழியே போய் ‘யூஸ் எரர் கரெக்சன்’ ஐப் போட்டால் மெதுவாக, கவனமாக வாசிக்கும். அதிலும் திருப்தி இல்லையென்றால் எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற இலவச மென்பொருளின் பாதுகாப்பு முறை சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, எந்தப் பாட்டில் எந்த நேரத்தில் பிழை என்று எழுதித் தரும். ஒரு மணி நேரச் சீடி வேவ் கோப்பாக 635 மெகாபைட், 320 கிலோபிட் எம்பி3 ஆக 144 மெகாபைட். தமிழ்ப் பாட்டுகளின் பெயர் தானாக வரும் என்று நம்ப வேண்டாம். பாட்டு நேரங்களை வைத்துத் தேடுவதால் சில வேளை வேறு மொழி அல்பத்தின் பெயரை ஒட்டிவிடும்.

வாங்கும்போது

வீட்டில் டெஸ்க்டொப் இருந்தால் வெளி டிரைவ் வாங்கவே வேண்டாம். பாவித்த உள் சாட்டா டிரைவ் ஒன்று போதும். அதன் இயந்திரம் கனமானது, மின்சாரம் நேரே பவர் சப்ளையில் இருந்து வருகிறது, மேலே சொன்ன போர்ட் தொல்லை ஒன்றும் இல்லை. லப்டொப் மட்டும் உள்ளவர்களுக்கே எல்ஜியைச் சிபாரிசு செய்வோம். ரிவியின் யூஎஸ்பி துளையிலோ ஆன்ட்ரொயிட் போனிலோ கொளுவிப் பாட்டுக் கேட்கலாம் என்று எண்ணி வாங்க வேண்டாம், பொதுவாக அவை இந்த டிரைவை அடையாளம் காணாது. சின்ன யூஎஸ்பி-சி துளை மட்டும் உள்ள லப்டொப்புக்கு ஒரு மாற்றி வேண்டும், அதையும் அதே நேரத்தில் வாங்கிச் சேர்த்துச் சோதியுங்கள்.

சோதனைக்கு மூன்று தட்டு கொண்டுபோங்கள்: அச்சடித்த பாட்டுச் சீடி ஒன்று, கடையில் எழுதிய சீடி ஒன்று, டிவிடி ஒன்று. முதல் இரண்டிலும் கடைசிப் பாட்டை நேரே போடச் சொல்லுங்கள், விளிம்பு அங்கேதான் இருக்கிறது. டிவிடியில் நடுப்பகுதிக்குத் தாவுங்கள். மூன்றும் ஓடினால் இரண்டு லேசரும் மோட்டரும் சரி. பெயரில்லாத டிரைவ் என்றால் ஓடும்போதே வயரின் அடியை மெல்ல அசைத்துப் பாருங்கள், தொடர்பு அறுந்தால் வேறு ஒன்றை எடுக்கச் சொல்லலாம். கடையில் இருக்கும் கணினியின் போர்ட் நல்லதாக இருக்கும் என்பதால் முடிந்தால் உங்கள் லப்டொப்பையே எடுத்துச் செல்லுங்கள். பில்லில் தொடர் இலக்கத்தை எழுதிக் கேளுங்கள். பொருத்தின் மேல் கடை ஒட்டும் சிறிய உத்தரவாத ஸ்டிக்கர் கிழிந்தால் மாற்றித் தர மாட்டார்கள். லென்ஸ் துடைக்க டிரேயை இழுத்தால் போதும், திருகாணியைத் தொடத் தேவையில்லை.